ஓடிப் போனவரா, வேலை மாறியவரா?

கோஷ்டி மாறிய கூடைப்பந்து வீரர்களின் கதை

2016-ம் ஆண்டு ஜூலை மாதம் 4-ந் தேதி. அமெரிக்காவில் சுதந்திர தின விடுமுறை.

ஓக்லஹோமா சிட்டி என்ற ஊரின் மக்கள் அன்று ஒரு செய்தியைக் கேட்டார்கள். தலையில் இடி விழுந்ததுபோல் ஆனார்கள்.

கெவின் டுரான்ட் இனி அவர்களுக்காக ஆடமாட்டார். கோல்டன் ஸ்டேட் கோஷ்டியில் சேர்ந்துவிட்டார்!

இதுதான் செய்தி.

டுரான்ட் கூடைப்பந்து வீரர். ஏறத்தாழ 7 அடி உயரம். எட்டு ஆண்டுகள் அந்த ஊரின் பெயரைச் சட்டையில் தாங்கி ஆடியவர். 2014-ல் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசு வாங்கிய மேடையில் நின்று, கூட்டத்தில் இருந்த தாயைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். இந்தப் பரிசு உண்மையில் தாய்க்கே உரியது என்றார். பார்த்தவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவர் போய்விட்டார்.

சிலர் அவர் பெயர் போட்ட சட்டையைத் தீயில் போட்டுக் கொளுத்தினார்கள். "துரோகி" என்றார்கள். "கோழை" என்றார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் எதிர்க்கோஷ்டியில் சேர்ந்து அதே ஊருக்கு ஆட வந்தார். ரசிகர்கள் சின்ன கேக் படம் போட்ட சட்டையை அணிந்து வந்து கேலி செய்தார்கள். கேக்கைப்போல மெத்தென்றவன், உரம் இல்லாதவன் என்று அதற்குப் பொருள்.

யாரிடம் தோற்றாரோ, அவரிடமே...

இத்தனை கோபம் எதற்கு?

வேறு எந்தக் கோஷ்டிக்குப் போயிருந்தாலும் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர் போய்ச் சேர்ந்த இடம் அப்படி!

அமெரிக்கக் கூடைப்பந்தில் பெரிய போட்டிகள் ஏழு ஆட்டத் தொடராக நடக்கும். முதலில் நான்கு ஆட்டம் வென்ற கோஷ்டிக்கே வெற்றி. 2016 மே மாதம் ஓக்லஹோமாவும் கோல்டன் ஸ்டேட்டும் அப்படி மோதின. ஓக்லஹோமா மூன்று ஆட்டம் வென்றுவிட்டது. எதிரி ஒன்றே ஒன்று. இன்னும் ஓர் ஆட்டம் வென்றால் போதும்.

வெல்ல முடியவில்லை. அடுத்த மூன்று ஆட்டமும் தோல்வி!

ஐந்து வாரம் கழிந்தது. யாரிடம் தோற்றாரோ, அவர்களிடமே போய்ச் சேர்ந்தார் டுரான்ட். அதுவும் எப்படிப்பட்ட கோஷ்டி? அந்த ஆண்டு 82 ஆட்டத்தில் 73 வெற்றி பெற்ற கோஷ்டி. அதற்கு முன் எந்தக் கோஷ்டியும் ஒரே பருவத்தில் அவ்வளவு வெற்றி பெற்றது இல்லை.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. போவதற்கு அவருக்கு உரிமை உண்டா என்பது ஒரு கேள்வி. போன இடத்தில் வாங்கிய கோப்பைக்கு மதிப்பு எவ்வளவு என்பது வேறு கேள்வி. ரசிகர்கள் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் நல்ல மனிதர்கள் மீதெல்லாம் வீண் பழி விழுகிறது.

ஊரை விட்டு ஓடிய கோஷ்டி

முதலில் உரிமை.

அமெரிக்காவில் தொழில்முறை கூடைப்பந்து ஆட வரும் இளைஞர், தான் விரும்பிய கோஷ்டியில் சேர முடியாது. ஆண்டுக்கு ஒரு முறை எல்லாக் கோஷ்டிகளும் கூடும். வரிசைப்படி ஒவ்வொரு கோஷ்டியாக ஒவ்வொரு இளைஞரின் பெயரைச் சொல்லும். பெயர் சொன்ன கோஷ்டிக்கே அவர் ஆடவேண்டும். 2007-ல் இரண்டாவதாகச் சொன்ன பெயர் டுரான்ட். சொன்னது சியாட்டில் நகரத்துக் கோஷ்டி.

ஆம், ஓக்லஹோமா அல்ல. சியாட்டில்!

சியாட்டில் கோஷ்டி 1967-ல் பிறந்தது. 1979-ல் சாம்பியன் பட்டம் வாங்கியது. 40 ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர் மக்கள் அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்தார்கள். தகப்பன் மகனை அழைத்துப் போனார். மகன் வளர்ந்து தன் மகனை அழைத்துப் போனார்.

2006-ல் கோஷ்டியை ஓக்லஹோமா பணக்காரர்கள் சிலர் விலைக்கு வாங்கினார்கள். பிறகு அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோக முடிவு செய்தார்கள். ஆட்ட அரங்கத்தின் குத்தகைக் காலம் முடியவில்லை என்று சியாட்டில் நகரசபை கோர்ட்டுக்குப் போனது. முடிவில் 4½ கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. 2008-ல் கோஷ்டி மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. ஆட்டக்காரர்களும் கூடவே போனார்கள். அவர்களில் ஒருவர் டுரான்ட். அப்போது அவருக்கு 19 வயது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஒரு முழுக் கோஷ்டி ஊரை விட்டுப் போனது. அதற்குப் பெயர் வியாபாரம்! எட்டு ஆண்டு கழித்து அதே கோஷ்டியை விட்டு ஓர் ஆட்டக்காரர் போனார். அதற்குப் பெயர் துரோகம்!

சியாட்டில்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கோர்ட்டில் கிடைத்த உரிமை

ஆட்டக்காரர் கோஷ்டி மாறும் உரிமை தானாக வந்தது அல்ல.

முன்பெல்லாம் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்தக் கோஷ்டிக்கே உரியவர். முதலாளி விற்றால் வேறு ஊர் போகலாம். விற்காவிட்டால் அங்கேயே இருக்கவேண்டும். வேறு எங்கும் கூடுதல் சம்பளம் கேட்க வழி இல்லை.

ஆஸ்கார் ராபர்ட்சன் என்ற பெரிய வீரர் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1970-ல் அவர் பெயரால் வழக்குத் தொடர்ந்தார்கள். ஆறு ஆண்டுகள் நடந்தது. 1976-ல் சமரசமாகி, ஆட்டக்காரர்களின் கட்டுத் தளர்ந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் எந்தத் தடையும் இல்லாமல் விரும்பிய இடம் போகலாம் என்ற நிலை வர மேலும் 12 ஆண்டுகள் ஆயின. 1988-ல்தான் அது கைகூடியது.

டுரான்ட் அந்த உரிமையைத்தான் பயன்படுத்தினார். ஒப்பந்தம் முடிந்தது. போனார். யாருக்கும் பாக்கி வைக்கவில்லை.

73 ஆட்டம் வென்ற கோஷ்டி, இவ்வளவு பெரிய ஆளுக்குச் சம்பளம் கொடுக்க எப்படி முடிந்தது? அதற்கும் முதலாளிகளே காரணம். ஒரு கோஷ்டி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் அளவு உண்டு. முதலாளிகள் டெலிவிஷன் கம்பெனிகளுடன் பெரிய ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பணம் கொட்டியது. அந்தச் சம்பள அளவு 2016-ல் ஒரே தாவலாக 7 கோடி டாலரிலிருந்து 9 கோடியே 40 லட்சம் டாலராக உயர்ந்தது. அந்த இடைவெளியில்தான் டுரான்ட் நுழைந்தார். இரண்டு ஆண்டுக்கு 5 கோடியே 43 லட்சம் டாலர் சம்பளம்.

ஆகவே, உரிமை உண்டா என்ற கேள்விக்குப் பதில் ஒன்றுதான். உண்டு. சட்டையைக் கொளுத்தியது தவறு.

கோப்பையை எண்ணுவதா, எடை போடுவதா?

ஆனால் இரண்டாவது கேள்வி அவ்வளவு சுலபம் அல்ல.

டுரான்ட் சேர்ந்த பிறகு கோல்டன் ஸ்டேட் 2017-ல் சாம்பியன் ஆனது. 2018-லும் சாம்பியன் ஆனது. இரண்டு முறையும் இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் டுரான்ட்தான். 2017-ல் மூன்றாவது ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில், உலகப் புகழ் பெற்ற லெப்ரான் ஜேம்ஸ் எதிரே நிற்க, அவர் தலைக்கு மேலாகப் பந்தை எறிந்து கூடையில் போட்டார். அப்படி ஓர் எறி எறிய நூறு பேரில் ஒருவருக்கு நெஞ்சுத் துணிவு வராது.

இருந்தும் ஊர் வாய் மூடவில்லை. "சேர்ந்த இடம் அப்படி. யார் போனாலும் வெற்றிதான்" என்றார்கள். 2017-ல் பட்டப் போட்டிகளில் அந்தக் கோஷ்டி ஆடியது 17 ஆட்டம். வென்றது 16.

தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வரும் நேரத்தில் ஒருவர் ஓடி வந்து வடத்தைப் பிடிக்கிறார். அவரும் பலமாகத்தான் இழுக்கிறார். கையும் சிவந்துதான் போகிறது. ஆனாலும் காலையிலிருந்து இழுத்தவரை ஊர் பார்க்கும் பார்வை வேறு.

இது பொறாமை அல்ல. கோப்பைகளை வெறும் எண்ணிக்கையால் மதிப்பதாக இருந்தால், ராபர்ட் ஹாரி என்பவரைத்தான் மைக்கேல் ஜோர்டானுக்கு மேல் வைக்கவேண்டும். ஹாரி மூன்று கோஷ்டிகளில் ஆடி 7 பட்டம் பெற்றவர். ஜோர்டான் பெற்றது 6. ஹாரி நல்ல ஆட்டக்காரர். நெருக்கடியில் கை நடுங்காதவர். ஆனால் ஜோர்டானைவிடப் பெரியவர் என்று ஹாரியின் சுற்றத்தார்கூடச் சொல்லமாட்டார்கள்.

இங்கே ஜோர்டான் பெயரை எடுத்து டுரான்டை அடிப்பவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஜோர்டான் சிகாகோவை விட்டு வெற்றி தேடிப் போகவில்லை என்பது உண்மை. ஏன் போகவேண்டும்? 1987-ல் ஸ்காட்டி பிப்பன் என்ற அரிய துணையைச் சிகாகோவே தேடிக் கொடுத்தது. மாஜிக் ஜான்சன் 1979-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டிக்கு வந்தபோது, கரீம் அப்துல் ஜாபர் என்ற மலை அங்கே ஏற்கனவே நின்றுகொண்டிருந்தது. வீட்டிலேயே விருந்து கிடைத்தவர்கள், வெளியே சாப்பிடப் போனவரைப் பார்த்துச் சிரிப்பது அவ்வளவு நியாயம் இல்லை.

கிளீவ்லண்டு மகன்

கோஷ்டி தேர்ந்தெடுப்பதில் ஒருவரே கெட்ட பெயரும் வாங்கி, நல்ல பெயரும் வாங்கிய கதை ஒன்று உண்டு. அது லெப்ரான் ஜேம்சின் கதை.

அவர் 1984-ல் ஒஹையோ மாகாணத்தில் ஆக்ரன் என்ற ஊரில் பிறந்தார். அவர் பிறந்தபோது தாய்க்கு வயது 16. வறுமை. சிறு வயதில் வீடு வீடாக மாறி வாழ்ந்தார். 2003-ல் பக்கத்து நகரமான கிளீவ்லண்டு கோஷ்டி அவர் பெயரை முதல் பெயராகச் சொன்னது. கிளீவ்லண்டு 1964-க்குப் பிறகு எந்தப் பெரிய விளையாட்டிலும் பட்டம் வாங்காத நகரம். மண்ணின் மைந்தன் வந்துவிட்டான், இனிக் கவலை இல்லை என்று மக்கள் நினைத்தார்கள்.

ஏழு ஆண்டுகள் ஆடினார். பட்டம் வரவில்லை.

2010 ஜூலை 8-ந் தேதி, தான் எங்கே போகப்போகிறார் என்பதைச் சொல்வதற்கென்றே டெலிவிஷனில் தனி நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார். நாடே உட்கார்ந்து பார்த்தது. அதில் அவர் மயாமி நகரத்தின் பெயரைச் சொன்னார். நிகழ்ச்சியில் வந்த பணம் ஏழைச் சிறுவர் நலனுக்குப் போனது. ஆனால் யார் அதைக் கவனித்தார்கள்? பெண்ணை வேண்டாம் என்பவன் வீட்டுக்குள் சொல்லவேண்டும். பந்தல் போட்டு, ஊரைக் கூட்டிச் சொன்னால் பெண் வீட்டார் மனம் என்ன ஆகும்?

கிளீவ்லண்டில் சட்டைகள் எரிந்தன. கட்டடத்தில் தொங்கிய அவருடைய ராட்சசப் படத்தை இறக்கிவிட்டார்கள். கோஷ்டி முதலாளி வசைமாரி பொழிந்து பகிரங்கக் கடிதம் எழுதினார். லெப்ரானுக்கு முன் கிளீவ்லண்டு பட்டம் வெல்லும் என்று அதில் சபதம் செய்தார். அந்தக் கடிதத்துக்காக அவருக்கு 1 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. சபதமும் பலிக்கவில்லை. லெப்ரான் மயாமியில் 2012, 2013 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றார்.

2010 டிசம்பரில் மயாமி கோஷ்டியோடு கிளீவ்லண்டுக்கு வந்தபோது, அவர் பந்தைத் தொட்டபோதெல்லாம் அரங்கம் ஊளையிட்டது.

திரும்பி வந்தார்

2014-ல் லெப்ரான் திரும்பி வந்தார். இந்தத் தடவை டெலிவிஷன் இல்லை. ஒரு பத்திரிகையில் கட்டுரை மூலம் அமைதியாகச் சொன்னார். ஏசிய முதலாளியும் பழையதை மறந்து வரவேற்றார்.

2016 இறுதிப் போட்டி. எதிரி, 73 ஆட்டம் வென்ற அதே கோல்டன் ஸ்டேட். ஓக்லஹோமாவைத் தோற்கடித்த கையோடு வந்திருந்தது. நான்கு ஆட்டம் முடிந்தபோது கிளீவ்லண்டு ஒன்றுதான் வென்றிருந்தது. எதிரி மூன்று. இறுதிப் போட்டியில் அந்த நிலையிலிருந்து மீண்டு பட்டம் வென்றவர் அதுவரை யாரும் இல்லை.

ஐந்தாவது ஆட்டம் வென்றார்கள். ஆறாவதும் வென்றார்கள். ஜூன் 19-ந் தேதி ஏழாவது ஆட்டம், எதிரியின் ஊரில்.

முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. இரு பக்கமும் 89. எதிரி வீரர் இகுடாலா பந்தோடு பாய்ந்தார். பந்தை மேலே விட்டார். பின்னாலிருந்து ஓர் உருவம் பறந்து வந்தது. பந்தைப் பலகையில் அறைந்து தடுத்தது. அது லெப்ரான்! அடுத்து அவருடைய தோழர் கைரி இர்விங் தூரத்திலிருந்து எறிந்து 3 புள்ளி எடுத்தார். 93-89. கிளீவ்லண்டு வென்றது.

லெப்ரான் தரையில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். 52 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. ஊர்வலத்துக்கு 10 லட்சம் பேருக்கு மேல் திரண்டதாக மதிப்பிட்டார்கள்.

மயாமியில் வாங்கியது இரண்டு. கிளீவ்லண்டில் வாங்கியது ஒன்று. அந்த ஒன்றுதான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மயாமியில் அவர் குறைவாக ஆடினார் என்பது அல்ல காரணம். கிளீவ்லண்டில் அந்தக் கோப்பை யாருக்குத் தேவைப்பட்டதோ, அவர்கள் அதற்காக அரை நூற்றாண்டு காத்திருந்தார்கள். வீரரின் புகழைப் பத்திரமாக வைத்திருப்பது இப்படிப்பட்டவர்கள்தான். புத்தகத்தில் இருக்கும் எண்கள் அல்ல.

2018-ல் அவர் மறுபடியும் போனார், லாஸ் ஏஞ்சல்சுக்கு. அந்த நவம்பரில் கிளீவ்லண்டுக்கு எதிராக ஆட வந்தார். எட்டு ஆண்டுக்கு முன் ஊளையிட்ட அதே அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

இருந்த இடத்திலேயே இருந்தவர்

கோஷ்டி மாறாதவர்களும் உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்த டிர்க் நோவிட்ஸ்கி 21 ஆண்டுகள் டல்லாஸ் என்ற ஒரே ஊருக்கு ஆடினார். 2006 இறுதிப் போட்டியில் தோற்றார். 2010-ல் அவரும் விரும்பிய இடம் போகும் நிலையில் இருந்தார். லெப்ரான் மயாமி போன அதே கோடைக்காலம். நோவிட்ஸ்கி டல்லாசிலேயே மறுபடி கையெழுத்துப் போட்டார். மறு ஆண்டு இறுதிப் போட்டியில் லெப்ரானின் மயாமியையே வீழ்த்தினார். அதில் ஓர் ஆட்டத்தைக் காய்ச்சலோடு ஆடி வென்றார். பட்டம் ஒன்றே ஒன்றுதான். 2022 கிறிஸ்துமஸ் அன்று அரங்கத்தின் முன்னால் அவருக்குச் சிலை திறந்தார்கள்.

இதைக் காட்டி, எல்லோரும் நோவிட்ஸ்கியைப்போல் இருக்கக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்க விடுகிறார்களா என்று பார்க்கவேண்டும்.

டிமார் டிரோசன் ஒன்பது ஆண்டுகள் கனடாவின் டொரண்டோ கோஷ்டிக்கு ஆடினார். அங்கேயே இருக்க விரும்பினார். 2018-ல் கோஷ்டி அவரை வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுத்து, காவாய் லெனார்ட் என்ற வீரரைப் பெற்றது. 2019-ல் டொரண்டோ பட்டம் வென்றது. டிரோசன் அதில் இல்லை.

டல்லாசிலேயே 2025 பிப்ரவரியில் என்ன நடந்தது? லூகா டோன்சிச் என்ற இளம் வீரரை ஊர் இன்னொரு நோவிட்ஸ்கியாகக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஒரு நள்ளிரவில் அவரைக் கோஷ்டி லாஸ் ஏஞ்சல்சுக்கு மாற்றிவிட்டது. ரசிகர்கள் நோவிட்ஸ்கி சிலைக்கு அருகே கூடினார்கள். சவப்பெட்டி செய்து வைத்து ஒப்பாரி வைக்காத குறையாக நின்றார்கள். நிலைத்து இருந்தவருக்குச் சிலை வைத்த கோஷ்டிதான், இருக்க நினைத்தவரை அனுப்பியது.

விசுவாசம் என்பது ஒருவழிப் பாதையாக இருக்கக்கூடாது. கோஷ்டியிடம் அதைக் கேட்காதவர்கள், ஆட்டக்காரரிடம் கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

மறுபடி ஓக்லஹோமாவில்

டுரான்ட் கோல்டன் ஸ்டேட்டிலும் நிலைக்கவில்லை. 2019 இறுதிப் போட்டியில், ஏற்கனவே காலில் காயம் இருந்தும் ஆட இறங்கினார். 12 நிமிடத்தில் குதிகால் நரம்பு அறுந்தது. கோழை என்று ஏசப்பட்டவர் செய்த காரியம் அது. பிறகு புரூக்ளின் போனார். பீனிக்ஸ் போனார். 2025-ல் ஹூஸ்டன் போனார். ஒலிம்பிக்கில் நாட்டுக்காக நான்கு தங்கம் வென்றார். கூடைப்பந்து ஆண்களில் வேறு யாருக்கும் அதுவரை நான்கு தங்கம் இல்லை. கோல்டன் ஸ்டேட்டை விட்ட பிறகு, 2025 வரையில், வேறு பட்டம் வரவில்லை.

ஓக்லஹோமா? அந்த ஊர் புதிய இளைஞர்களைச் சேர்த்தது. பொறுமையாக வளர்த்தது. 2025 ஜூனில் சாம்பியன் பட்டம் வென்றது.

அந்த அக்டோபர் 21-ந் தேதி புதிய பருவத்தின் முதல் நாள். ஓக்லஹோமா அரங்கத்தில் ஊர் மக்கள் நிறைந்திருந்தார்கள். வென்ற ஆட்டக்காரர்களுக்கு மோதிரம் அணிவித்தார்கள். கூரைக்கு வெற்றிக் கொடியை ஏற்றினார்கள். அன்று எதிர்த்து ஆட வந்த கோஷ்டி ஹூஸ்டன். ஹூஸ்டன் சட்டையில் முதல் முறையாக இறங்கியவர் டுரான்ட், வயது 37.

நேரம் முடிந்தும் சமநிலை. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். அப்போதும் சமநிலை. மறுபடியும் கூடுதல் நேரம். ஹூஸ்டன் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. இரண்டு விநாடிக்குச் சற்று மேல் பாக்கி. ஓக்லஹோமாவின் ஷே கில்ஜியஸ் அலெக்சாந்தர் பந்தை எறிய எழும்பினார். டுரான்ட் தடுக்கப் போய் அவர்மீது மோதினார். அது அவருடைய ஆறாவது தவறு. ஆறு தவறு செய்தவர் வெளியே போகவேண்டும்.

டுரான்ட் வெளியே போய் உட்கார்ந்தார். ஷே இரண்டு இலவச எறியையும் கூடையில் போட்டார். ஓக்லஹோமா 125, ஹூஸ்டன் 124.